தவணை இல்லை என்றதும் வாடிக்கையாளர் போய்விடுகிறார், என்ன செய்வது?

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்துகிறேன். விலை உயர்ந்த பொருளைப் பார்க்கும் பலர், தவணை உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் போய்விடுகிறார்கள். ஒரு நிதி நிறுவனம், வாடிக்கையாளருக்குக் கடன் தந்து, 6% கட்டணம் பிடித்துக்கொண்டு மீதித் தொகையை எனக்கு உடனே தருவதாகச் சொல்கிறது. அந்த 6 சதவீதத்தை ஏன் இழக்க வேண்டும்? நானே தவணை கொடுத்துவிடலாமா?

பதில்: நீங்களே கொடுக்க வேண்டாம். 75-க்குக் கொள்முதல் செய்த பொருளை 100-க்கு, பத்து மாதத் தவணையில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது தவணை வந்த பிறகுதான் நீங்கள் போட்ட முதலே முழுதாகக் கைக்குத் திரும்பும். சரக்கு தந்தவர் அதுவரை காத்திருப்பாரா? விற்பனை கூடக்கூடக் கையிலுள்ள ரொக்கம் கரையும். ஒருவர் ஒரு தவணையும் கட்டாமல் போனால், அந்த 75-ஐ மீட்க இன்னும் மூன்று பொருள்களை விற்றாக வேண்டும். 1856-இல் தையல் இயந்திரங்களைத் தவணையில் விற்கத் தொடங்கிய சிங்கர் நிறுவனம், பின்னாளில் வசூலுக்கென்றே ஆள்களை வைத்திருந்தது. உங்கள் கடையில் அந்த வேலையை யார் பார்ப்பார்கள்? கடன் கொடுக்க உரிமம் கேட்கும் நாடுகளும் பல.

எனவே நிதி நிறுவனத்தின் வழிதான் சரி. ஆனால் 6% சிறிய தொகை அல்ல. அது விற்பனை விலையில்தான் 6%; உங்கள் 25 லாபத்தில் ஏறக்குறைய கால் பங்கு. தவணை இருப்பதால் மட்டுமே வாங்கும் ஒருவர் உங்களுக்கு 19 தருகிறார். எப்படியும் ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கக்கூடியவர் தவணைக்கு மாறினால் 6 நட்டம். மூன்று பேர் மாறினால் 18. ஆக, தவணையில் வாங்கும் நான்கு பேரில் ஒருவராவது உண்மையிலேயே புதிதாகக் கிடைத்தவராக இருந்தால்தான் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகும். உங்கள் சொந்த லாப விகிதத்தைப் போட்டு இந்தக் கணக்கை இன்றே செய்துபாருங்கள். லாபம் 10 மட்டுமே உள்ள பொருளுக்குத் தவணையே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி, வாடிக்கையாளர் கட்டத் தவறினால் நட்டம் யாருக்கு என்பது. உங்களிடம் திரும்ப வசூலிக்கலாம் என்றிருந்தால் கையெழுத்திடாதீர்கள். 6% கொடுத்தும் கடன் சுமை உங்கள் தலையிலேயே இருக்கும். பொருள் திரும்பி வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, பணம் எத்தனை நாளில் வரும் என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

வாடிக்கையாளர் பக்கமும் பாருங்கள். அசல் மாதந்தோறும் குறைந்தாலும், வாங்கிய முழுத்தொகைக்கே கடைசிவரை வட்டி போடும் முறை உண்டு. அப்படி 12% என்று சொல்லப்படும் ஓராண்டுக் கடனின் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை விலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்து ஒருவர் வாங்காமல் போனாலும் பரவாயில்லை. கடனில் மாட்டிக்கொண்டவர் நிதி நிறுவனத்தின் பெயரை மறந்துவிடுவார்; உங்கள் கடையின் பெயரை மறக்க மாட்டார்.

முதலில் விலை உயர்ந்த ஒரு வகைப் பொருளுக்கு மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். தவணையில் வாங்கும் ஒவ்வொருவரிடமும், இந்த வசதி இல்லாவிட்டால் வாங்கியிருப்பீர்களா என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த வகையின் மொத்த விற்பனை முன்பைவிட உயர்ந்ததா என்றும் பாருங்கள். நான்கில் ஒன்று தேறவில்லை என்றால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். குறைக்க மறுத்தால் நிறுத்திவிடுங்கள்.