20 மணி நேரச் சம்பளத்தில் குடித்தனம் நடக்குமா? வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் செப்டம்பர் இன்டேக்குக்கு (மாணவர் சேர்க்கைக்கு) பிள்ளைகளை அனுப்பத் தயாராகும் பெங்களூர் வாசகர்களின் கடிதங்கள் இந்த இதழில். எல்லோருக்கும் ஒரே கவலைதான்: போன இடத்தில் பகுதி நேர வேலை.

மகன் ஓராண்டு எம்.எஸ்ஸி. படிக்க பிரிட்டனின் லீட்ஸ் நகருக்குப் போகிறான். "வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தால் சாப்பாடு, வாடகை போக எஜுகேஷன் லோன் இஎம்ஐ-யும் கட்டிவிடலாம்" என்கிறார் கன்சல்டன்சிக்காரர். நம்பலாமா?
— ஒரு தாய், அல்சூர்

அவரிடமே ஒரு தாளைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பிரிட்டனில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு. மாணவர் விசா பாடக் காலத்தில் அனுமதிக்கும் வாரம் 20 மணி நேரத்துக்கு 254 பவுண்டு. காய்ச்சல், பரீட்சை என்று ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தால் மாதத்துக்குச் சராசரியாக 1,100. லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு மாதச் செலவு இவ்வளவு ஆகும் என்று விசா விதியில் அந்த நாட்டு அரசே வைத்திருக்கும் தொகை 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. அனுமதித்த நேரம் முழுக்க வேலை கிடைத்தாலே துண்டு விழுகிறது. இஎம்ஐ எங்கிருந்து வரும்?

அந்த 20 மணி நேரமும் எல்லா வாரமும் கிடைக்காது. கஃபே, சூப்பர் மார்க்கெட், கிடங்கு வேலைகள் பல 'ஜீரோ அவர்ஸ்' ஒப்பந்தத்தில் இருக்கும். ரோட்டாவில் (பணி நேரப் பட்டியலில்) பெயர் வந்தால்தான் வேலை, வேலை பார்த்தால்தான் கூலி. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சேர்த்த ஆட்களை ஜனவரியில் நிறுத்திவிடுவார்கள். அந்த சீசனுக்கு ஆள் எடுப்பது செப்டம்பர், அக்டோபரில். போய் இறங்கியதும் ஊர் சுற்றிவிட்டு நவம்பரில் விண்ணப்பித்தால் வண்டி போயிருக்கும்.

முதல் சம்பளமும் தாமதமாகும். மாதச் சம்பளம் தரும் இடத்தில் கணக்கு முடிக்கும் தேதிக்குப் பிறகு சேர்ந்தால், அந்த நாட்களின் கூலி அடுத்த மாதம்தான் வரும். சேரும்போது 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' என்ற படிவத்தைச் சரியாக நிரப்பாவிட்டால் அவசர வரிக் குறியீட்டில் அதிகமாகப் பிடித்தம் ஆகும். அது திரும்ப வந்துவிடும், ஆனால் கை வறண்ட நேரத்தில் வராது.

எனவே மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கல்லூரிக் கட்டணத்தில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள். பகுதி நேரச் சம்பளத்தை மளிகை, பஸ் பாஸ், போன் பில்லுக்கு என்று மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். கடனைப் பொறுத்தவரை, படிக்கும் காலத்தில் பெரும்பாலான வங்கிகள் அசலைக் கேட்பதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அதை இங்கேயிருந்து மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுவது நல்லது.

வாரம் 20 என்பதை மாதம் 80 மணி நேரம் என்று சரிக்கட்டிக்கொள்ளலாமா? கோடையில் முழு நேரம் பார்க்கலாமாமே? அங்கிருக்கும் சீனியர் ஒருவர் தன் டெலிவரி ஆப் கணக்கை எனக்கு ஓட்டத் தருகிறேன் என்கிறார்.
— பிரிட்டன் செல்லும் மாணவர், ராமமூர்த்தி நகர்

மூன்றுக்குமே இல்லை என்பதுதான் பதில். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் 12 மணி நேரம்தானே என்று இந்த வாரம் 22 பார்த்தால் விதிமீறல். இரண்டு இடத்து வேலையையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சம்பளம் இல்லாத வேலையும் கணக்கில் சேரும்.

கோடை விஷயத்தில் ஏமாறுபவர்கள் மாஸ்டர்ஸ் மாணவர்கள். இளங்கலை மாணவருக்குக் கோடை விடுமுறை உண்டு, அப்போது முழு நேரம் பார்க்கலாம். ஓராண்டு மாஸ்டர்ஸில் கோடைக்காலம் டிசர்ட்டேஷன் (ஆய்வேடு) எழுதும் காலம், அதுவும் பாடக் காலம்தான். படிப்பு முடியும் தேதிவரை 20 மணி நேரக் கட்டு உண்டு. பல்கலைக்கழகத்திடம் டெர்ம் தேதிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியும் அதைக் கேட்பார்.

டெலிவரி ஆப் ஓட்டுவது அங்கே சுயதொழில். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை, ஒரு மணி நேரம்கூட. அடுத்தவர் கணக்கில் ஓட்டினால் குற்றம் இரட்டிப்பு. சாலையில் நிறுத்தி அடையாளம் கேட்டால் விசா ரத்தாகும் வரை போகும். சீனியருக்கு வாடகைப் பணம், உங்களுக்கு வம்பு.

வேலைக்குச் சேர, வேலை பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு என்று முதலாளிக்குக் காட்டும் 'ஷேர் கோடு' ஒன்றை அரசு இணையதளத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கான கோடு டபிள்யூ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். சம்பளப் பிடித்தங்களைப் பதிவு செய்யும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

மெல்பர்ன் போகும் மகளுக்கு, தெரிந்தவரின் உணவகத்தில் மணிக்கு 15 டாலர் கையில் ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார்கள். "நம்ம ஆள்தான், பத்திரமாக இருக்கும்" என்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, ஸ்ரீராமபுரம்

நம்ம ஆள் என்பதால்தான் பாதிச் சம்பளம் பேசுகிறார். ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர். மாணவர்களை எடுப்பது பெரும்பாலும் 'கேஷுவல்' முறையில். விடுப்புச் சம்பளம் கிடையாது என்பதற்கு ஈடாக அதில் 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும், ஆக 31.19 டாலர். சனி, ஞாயிறுக்கு உணவக ஊழியர் ஊதிய விதிப்படி இன்னும் கூடும். 15 டாலருக்கு ஒப்புக்கொண்டால் வாரம் 20 மணி நேரத்துக்கு 320 டாலருக்கு மேல் நஷ்டம். முதலாளி தனியாகக் கட்ட வேண்டிய 12 சதவீத ஓய்வூதியப் பணமும் போச்சு. அதைப் படிப்பு முடித்து நாடு திரும்பும்போது, வரி பிடித்தது போக, எடுத்துக்கொள்ளலாம்.

ரொக்கமாகக் கொடுப்பது மட்டும் குற்றம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லாமல் கொடுப்பதுதான் குற்றம். சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டு தர வேண்டும். மகள் வரி எண்ணான டிஎஃப்என்னை இணையத்தில் இலவசமாக எடுக்கட்டும். அதைக் கொடுக்காவிட்டால் உச்ச விகிதத்தில் வரி பிடிப்பார்கள். "டிஎஃப்என் வேண்டாம், ஏபிஎன் எடுத்துக்கொண்டு வா" என்று யாராவது சொன்னால் உஷார். அது தொழில் நடத்துபவருக்கான எண். அதைக் காட்டி மகளைத் தனி ஒப்பந்தக்காரர் ஆக்கிவிட்டால் குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் தராமல் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாடக் காலத்தில் 14 நாளுக்கு 48 மணி நேரம் வரை பார்க்கலாம். ஆனால் அந்த 14 நாள் எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் தொடங்கும். முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டைக் கூட்டினால் 48, சரி. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் 50, விதிமீறல். ரோஸ்டர் (பணி நேரப் பட்டியல்) போடுபவர் இதைப் பார்க்க மாட்டார். மகள்தான் போனில் வாரவாரம் குறித்து வைக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் வேலையே கூடாது.

"புகார் செய்தால் விசா போய்விடும்" என்று முதலாளி மிரட்டினால் பயப்பட வேண்டாம். விசாவைக் காட்டித் தொழிலாளியைப் பணியவைப்பது 2024 ஜூலை முதல் அங்கே கிரிமினல் குற்றம். தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் கட்டணம் இல்லாமல் புகார் தரலாம், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

நான் இப்போது கோரமங்களாவில் ஒரு நிறுவனத்துக்கு ஃப்ரீலான்ஸாக வெப் டிசைன் செய்கிறேன். வெளிநாட்டில் படிக்கும்போதும் லேப்டாப்பில் தொடரலாமா? சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில்தானே வருகிறது?
— மாணவி, ஜெயநகர்

பணம் எங்கே வருகிறது என்பதல்ல, வேலை செய்யும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் ஃப்ரீலான்ஸ் என்பது சுயதொழில், கூடாது. ஜெர்மனியில் வெளிநாட்டவர் துறையின் தனி அனுமதி வேண்டும். கனடாவில் நிலைமை உங்களுக்குச் சாதகம்: நாட்டுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து செய்யும் வேலை, வளாகத்துக்கு வெளியே பார்க்க அனுமதித்த வாரம் 24 மணி நேரத்தில் சேராது. இந்த 24 மணி நேர விதி 2024 நவம்பர் 8 முதல் நடப்பில் உள்ளது. அங்கே உள்ளூர் வேலைக்கும் போவதாக இருந்தால் 9-இல் தொடங்கும் சின் எண் (சமூகக் காப்பீட்டு எண்) வேண்டும். ஸ்டடி பர்மிட் தாளில் வேலைக்கு அனுமதி தரும் வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், பிறகு திருத்த நாளாகும்.

ஜெர்மனியில் பாஷை தெரியாமல் வேலை கிடைக்குமா?
— வாசகர், விவேக் நகர்

கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைக்கலாம். கடை கவுன்டரில் நிற்க ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) அளவாவது வேண்டும். ஜெர்மன் கற்றுத் தரும் இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் இப்போதே சேர்வது, அங்கே போய்த் திண்டாடுவதைவிட மலிவு. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு அனுமதி உண்டு. 4 மணி நேரம் வரை அரை நாள். பல்கலைக்கழகத்திலேயே 'ஹிவி' எனப்படும் உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. எம்.எஸ். மாணவருக்கு அதுதான் முதல் தேர்வு. பேராசிரியருக்கு நேராக மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கூலி 2026-இல் மணிக்குக் குறைந்தது 13.90 யூரோ.

அமெரிக்காவில் பெட்ரோல் பங்கில் ரொக்கத்துக்கு வேலை பார்க்கிறார்களே?
— வாசகர், அல்சூர்

பார்க்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் பாடக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். அனுமதி இல்லாத வேலையால் மாணவர் விசா அந்தஸ்து போனால் அதை மீட்டுத் தர விதியில் இடமில்லை. வளாகத்தில் டைனிங் ஹால், நூலகம், ஐடி ஹெல்ப் டெஸ்க் வேலைகளுக்கு செமஸ்டர் தொடங்கும் முன்பே விண்ணப்பம் போகட்டும். வேலை கிடைத்த பிறகுதான் சோஷியல் செக்யூரிட்டி எண். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் மாணவருக்குக் கிடையாது. சம்பளச் சீட்டில் 7.65 சதவீதம் பிடித்திருந்தால் பே-ரோல் அலுவலகத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

கிளம்பும் முன் இங்கேயே என்ன செய்து வைக்கலாம்?
— பெற்றோர், மாரத்தஹள்ளி

ஒரு பக்க சிவி. போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம் எதுவும் வேண்டாம். ஜெர்மனிக்கு மட்டும் போட்டோ இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. கையால் செய்த வேலை அனுபவம் ஒன்று அதில் இருக்கட்டும்: ஒரு தர்ஷினி (நின்று சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) கவுன்டரிலோ மால் துணிக்கடையிலோ இரண்டு மாதம் நின்றால் போதும். பி.இ. படித்த பிள்ளை தர்ஷினியிலா என்று முகம் சுளிக்கும் அப்பாக்களே, அங்கே செய்யப்போவதும் அதே வேலைதான்.

முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் சார்ந்த வேலைகளுக்கு இந்தியக் காவல்துறைச் சான்று கேட்கலாம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, லால்பாக் சாலையிலோ உங்கள் மாரத்தஹள்ளியிலோ உள்ள மையத்துக்கு நேரில் போக வேண்டும். வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, ஓராண்டு செல்லும். வங்கி ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மை அணைய விடாதீர்கள்.

"உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் போக மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று என் தம்பிக்கு பிரிட்டனில் ஒரு வேலை வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாமாம்.
— மாணவர், ஆஸ்டின் டவுன்

அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வங்கிக் கணக்கை மூடி, மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஏற்றிவிட்டால் 6 ஆண்டு நிற்கும். அதுவரை புதுக் கணக்கு திறப்பதே கஷ்டம். கணக்கு இல்லாமல் சம்பளம் வாங்குவதும் வாடகைக்கு வீடு பிடிப்பதும் கஷ்டம். பணம் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் தொடவும் வேண்டாம், அவர்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பவும் வேண்டாம். அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை இன்றே அழைத்துச் சொல்லட்டும். வாட்ஸ்ஆப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.