கருவியில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

மகன் இங்கிலாந்தின் லீட்ஸில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்குப் போயிருந்தபோது, பக்கத்திலுள்ள பிராட்போர்டின் தேசிய அறிவியல் மற்றும் ஊடக அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றான். புகைப்படம், சினிமா, ஒலி எல்லாம் ஓரிடத்தில் என்று ஆவலோடு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகக் கேமராக்கள், ஓடாத புரொஜெக்டர்கள். புகைப்படங்கள் குறைவு. எடுத்த படத்தை விட்டுவிட்டு எடுத்த கருவியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

படங்கள் குறைவு என்பது நியாயமான குறை. அங்கிருந்த ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் பெருஞ்சேகரிப்பை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப்போவதாக 2016இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் பொருட்கள். படம் தலைநகருக்கு, பெட்டி வடக்குக்கு என்று நடந்த அந்தப் பாகப்பிரிவினை எனக்கு இன்றும் கசப்புதான்.

ஓடவிடாததற்குக் காரணம் வேறு. மெழுகு உருளையில் பதிந்த குரலை ஒவ்வொரு முறை ஒலிக்கவிடும்போதும் ஊசி அதைத் தேய்க்கிறது. பழைய நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும்.

ஆனால் கருவியில் என்ன இருக்கிறது என்கிறீர்களே, அங்கே நான் உங்களோடு இல்லை. எட்வர்ட் டர்னர் என்ற இளைஞரைச் சொல்கிறேன். லீ என்பவரின் பண உதவியோடு 1899இல் வண்ணத் திரைப்படத்துக்குக் காப்புரிமை பெற்றவர். லென்ஸுக்கு முன் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் சுழலும். பிலிம் கறுப்பு வெள்ளைதான். அடுத்தடுத்த மூன்று படங்களில் மூன்று நிறங்களின் பதிவு. மூன்று லென்ஸ் புரொஜெக்டர் அவற்றைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். பொருந்தவே இல்லை. எல்லாம் மங்கலாகக் குழம்பியது. 1903இல், முப்பது வயது நிறையாமலே டர்னர் இறந்துபோனார்.

அந்த பிலிம் பிராட்போர்டின் சேகரிப்பில் கிடந்தது. கணினியில் ஏற்றி, மூன்று மூன்றாகப் பொருத்தி 2012இல் வெளியிட்டார்கள். டர்னரின் பிள்ளைகள், ஒரு பஞ்சவர்ணக்கிளி, எல்லாம் வண்ணத்தில்! கேமரா தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. திரையில் காட்டும் கருவிதான் கைவிட்டிருக்கிறது. அந்தக் கருவி எப்படி இயங்கியது என்று தெரியாதவருக்கு அது வெறும் கறுப்பு வெள்ளைச் சுருள், அவ்வளவுதான்.

புகைப்படக் கலையின் முன்னோடியான ஆங்கிலேயர் டால்பட் 1835இல் தன் வீட்டு ஜன்னலை எடுத்த நெகட்டிவும் இப்படித்தான். எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது, தபால்தலை அளவே இருக்கும். அவருடைய காகிதத்தில் படம் விழ நெடுநேரம் பிடித்தது. நேரத்தைக் குறைக்கப் பெட்டியைச் சிறிதாக்கினார். அவர் மனைவி அந்தப் பெட்டிகளை எலிப்பொறி என்பாராம்.

உங்கள் மகன் லீட்ஸ்காரர் ஆகிவிட்டதால் ஒன்று சொல்கிறேன். திரைப்பட முன்னோடி லே பிரின்ஸ் 1888இல் லீட்ஸ் பாலத்துப் போக்குவரத்தைக் காகிதச் சுருளில் படமெடுத்தார். சினிமாவைத் தொடங்கிவைத்தவர்கள் என்று சொல்லப்படும் லூமியேர் சகோதரர்களுக்கு ஏழு ஆண்டுகள் முன்பு. அவருடைய ஒற்றை லென்ஸ் கேமரா பிராட்போர்டு சேகரிப்பில்தான் இருக்கிறது. அடுத்த முறை முதலில் பாலத்துக்குப் போங்கள், பிறகு அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணமும் கிடையாது.