பனாமா தொப்பியில் ‘ஈக்வடார்’ முத்திரை: அசலா, போலியா?

கேள்வி: எனக்கு வயது 66. முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வெளிநாட்டிலிருக்கும் மகள் ஒரு பனாமா தொப்பி வாங்கி அனுப்பினாள். உள்ளே ‘ஈக்வடாரில் செய்தது’ என்று அச்சிட்டிருக்கிறது. பனாமா தொப்பியைப் பனாமாவில் அல்லவா செய்திருக்க வேண்டும், இது போலி என்கிறார் காலை நடைக்கு உடன்வரும் நண்பர். தொப்பி சற்றுத் தொளதொளவென்று இருக்கிறது. முன்பக்கம் பள்ளம் விழுந்த இடத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்றும் தெரிகிறது. அசல் தொப்பியைச் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம் என்கிறார்களே, வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: முதலில் நண்பரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். உலகம் பனாமா தொப்பி என்று அழைப்பது ஈக்வடாரின் சொத்து. அந்த முத்திரை இருப்பது உங்களுக்குச் சாதகமான சங்கதிதான். பனாமா நாட்டுக்கும் சொந்தமாக ஒரு தொப்பி உண்டு, வெள்ளையில் கறுப்பு வளையங்கள் ஓடும் ‘பின்டாவ்’ தொப்பி. அது வேறு வகை.

பெயர் மாறிப்போனதற்கு வணிகம்தான் காரணம். ஈக்வடாரின் கடலோர மாகாணமான மனாபியில், மான்டெக்ரிஸ்டி என்ற ஊரைச் சுற்றி இந்தப் பின்னல் வேலை நெடுங்காலமாக நடந்துவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானுவேல் அல்ஃபாரோ போன்ற வணிகர்கள் அதைக் கப்பலேற்றிப் பனாமாவுக்கு அனுப்பினார்கள். இந்த மானுவேலின் மகன் எலோய் அல்ஃபாரோதான் 1895இல் ஈக்வடாரின் ஆட்சியைப் பிடித்தவர். 1849 வாக்கில் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடி ஓடியவர்களில் ஏராளமானோர் பனாமா நிலத்தைக் குறுக்கே கடந்துதான் போனார்கள். வெயில் மண்டையைப் பிளக்க, கைக்கு எட்டியதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். வாங்கிய ஊரின் பெயர் தொப்பியோடு ஒட்டிக்கொண்டது. 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போனபோது இந்தத் தொப்பியோடு எடுத்த படங்கள் எங்கும் பரவின. அதன் பிறகு பெயரை மாற்ற யாராலும் முடியவில்லை. 2012இல் யுனெஸ்கோ இந்தப் பின்னல் கலையை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ஈக்வடாரின் பெயரில்தான் சேர்த்தது. ஈக்வடார்க்காரர்களுக்கு அது ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பிவிட வேண்டாம். முத்திரையை எவரும் அச்சடிக்கலாம். தொப்பியையே பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி என்று சொல்கிறேன். அதற்கு அது எப்படி உருவாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டொக்கியா என்ற செடியின் நாரில் பின்னுகிறார்கள். பார்வைக்குப் பனை போலிருக்கும், ஆனால் பனைக் குடும்பம் அல்ல. மடல் விரியும் முன்பே குருத்தாக வெட்டி, நகத்தளவுக்கும் மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, கொதிநீரில் வேகவைத்துக் கொடியில் காயப்போடுவார்கள். காயும்போது கீற்றின் இரு ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டு, தட்டையாக இருந்தது உருண்டை நூல்போல ஆகிவிடும். பிறகு கந்தகப் புகையில் வெளுப்பார்கள். பின்னுகிறவர் தொப்பியின் உச்சியில் சின்னப் பூப்போல ஒரு முடிச்சில் தொடங்குகிறார். அகலம் வர வர வட்ட வட்டமாகப் புது நார்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார். மான்டெக்ரிஸ்டியில் மரக்கட்டையின்மேல் தொப்பியை வைத்து, நெஞ்சை அதில் அழுத்திக் குனிந்தபடி பின்னுவார்கள். கையை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள். நார் உலர்ந்தால் ஒடியும் என்பதால் நடுப்பகல் வெயிலில் நுண்ணிய வேலையைத் தொடமாட்டார்கள். மிக நேர்த்தியான ஒரு தொப்பிக்கு மாதக்கணக்கில் ஆகும். மலைப்பகுதியான குவென்காவைச் சுற்றிப் பின்னும் சாதாரண ரகம் ஓரிரு நாளில் முடிந்துவிடும். பத்தமடையில் கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பாயின் விலை ஏறுவதை உங்கள் ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கணக்குதான்.

இப்போது உங்கள் தொப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள். உச்சியில் அந்தச் சின்ன முடிச்சும், அதைச் சுற்றிக் குளத்து அலைபோல் விரியும் வளையங்களும் தெரிய வேண்டும். புது நார் சேர்த்த வரிசைகள்தான் அந்த வளையங்கள். நார்களின் நிறம் முழுக்க ஒரே சீராக இராமல், அங்கங்கே ஒன்றிரண்டு இளம்பழுப்பாக ஓடும். அது குறையல்ல, செடியின் அடையாளம். அடுத்து விளிம்பின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் நாரைத் திரும்ப உள்ளுக்கே பின்னி முடித்திருப்பார்கள். மலிவான ரகத்தில் விளிம்பை வெட்டி, மடித்துத் தைத்திருப்பார்கள். அப்படியிருந்தாலும் தொப்பி அசல்தான், தரம் ஒரு படி குறைவு. எங்கும் ஒரே நிறம், ஒரே கனம், எண்ணெய் பூசினாற்போல் ஒரே மினுமினுப்பு என்றிருந்தால் அது முறுக்கிய காகித நூலில் செய்ததாக இருக்கும். சந்தையில் ‘ஷான்டுங்’ என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் காகிதமே. அதையும் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அசல் விலை கொடுத்து வாங்கினால்தான் வயிற்றெரிச்சல். ‘முதல் தரம்’, ‘இருபதாம் எண்’ என்றெல்லாம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பொருட்படுத்த வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான தர அளவு கிடையாது, ஆளுக்கொரு எண் போட்டுக்கொள்கிறார்கள்.

சுருட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மோதிரத்துக்குள் இழுத்து எடுக்கும் வித்தையெல்லாம் மான்டெக்ரிஸ்டியின் மிக உயர்ந்த ரகத்துக்கு மட்டுமே பொருந்தும். சுருட்டுவதற்கென்றே ‘ஆப்டிமோ’ என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதன் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரு மேடு ஓடும். அந்த மேட்டின் வழியே மடித்துக் கூம்பாகச் சுருட்டுவார்கள். உங்களுடையதில் முன்பக்கம் இரண்டு பள்ளங்கள் இருப்பதாகத் தெரிகிறது, அது ஃபெடோரா வடிவம். சுருட்டினால் அந்தப் பள்ளங்களில்தான் முதலில் ஒடியும்.

வெடிப்பும் அங்கேயே விழுந்ததில் வியப்பில்லை. நாளும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்தப் பள்ளத்தில் வைத்துத் தூக்கியிருப்பீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகர்கள் அப்படித்தான் தூக்குவார்கள், ஆனால் அவர்கள் போட்டிருந்தது ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பி. ஃபெல்ட் வளைந்து கொடுக்கும், நார் ஒடிந்துவிடும். இனி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றுங்கள். இருக்கும் வெடிப்புக்கு: கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் அந்த இடத்தைச் சில விநாடிகள் காட்டி, நார் இளகியதும் விரலால் மெதுவாகச் சமப்படுத்துங்கள். நன்றாக உலரவிட்டு, மெல்லிய துணித்துண்டு ஒன்றைக் காய்ந்தாலும் இறுகாத வெள்ளைப் பசை தடவி உள்பக்கமாக ஒட்டுங்கள். வெளியே தெரியாது, மேலும் கிழியாமல் நிற்கும். உடனடியாக ஒட்டும் பசை மட்டும் ஆகாது, அது இறுகிப்போய்ப் பக்கத்து நாரையும் ஒடித்துவிடும்.

தொளதொளப்புக்கு வைத்தியம் இன்னும் எளிது. காதுக்கு ஒரு விரல் மேலே, நெற்றியின் நடுவாகத் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து பாருங்கள். 57 செ.மீ. என்றால் அமெரிக்க அளவில் 7 1/8, பிரிட்டிஷ் அளவில் 7. இந்த இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு செ.மீ. வரை கூடுதலாக இருந்தால் உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டையை விரித்து, அதன் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டையோ நீளமாக மடித்த செய்தித்தாளோ செருகிவிடுங்கள். காற்றுக்குப் பறக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் சொன்னது அழகுக்காக அல்லவே. வெயிலுக்குப் போடும் தொப்பியின் விளிம்பு சுற்றிலும் குறைந்தது 7.5 செ.மீ. அகலம் இருப்பது நல்லது. நாகரிகத்துக்காகச் செய்யும் ஃபெடோராக்களில் விளிம்பு பல சமயம் 5 செ.மீ. அளவோடு நின்றுவிடும், காதும் பின்கழுத்தும் வெயிலில் காயும். கிரிக்கெட் வீரர்களின் கூர்முனைத் தொப்பியோ நெற்றியோடு சரி. வெளிச்சத்தில் பார்த்தபோது இடைவெளிகள் வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுந்தால், அதே வழியாகப் புற ஊதாக் கதிரும் வரும். அப்படியிருந்தால் பனாமாவை மாலை நேரத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் வைத்துக்கொண்டு, நடைக்கு நெருக்கமாக நெய்த துணியில் அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலையும் குறைவு, துவைக்கவும் செய்யலாம். பழைய ஆட்கள் வெள்ளைக்காரர் காலத்து வெயில் தொப்பியான ‘ஷோலா டோப்பி’யைப் பரிந்துரைப்பார்கள். தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்யும் அதே நெட்டியில் செய்தது, தலைக்குக் குளிர்ச்சியானது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தாமிரபரணிக் கரையில் நடந்தால் நண்பர் விட்டுவைக்க மாட்டார்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. கார் கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் நார் காய்ந்து சருகாகிவிடும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையும் ஆகாது. வீட்டில் வைக்கும்போது விளிம்பு தரையில் படாமல், உச்சி கீழே இருக்கும்படி தலைகீழாக வையுங்கள். வெளியே போய்வந்ததும் வியர்வைப் பட்டையை வெளிப்பக்கம் திருப்பிக் காற்றாட விடுங்கள். அழுக்குப் பட்டால் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஊறவைக்க வேண்டாம். மழையில் நனைந்துவிட்டால் உள்ளே துணியை அடைத்து, வடிவத்தைக் கையால் சரிசெய்து, நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காமல் திறந்த அலமாரியில் வையுங்கள்.