சான்றிதழுக்குக் கேட்கிற பணத்தைத் தட்டட்டியில் (மொட்டைமாடித் தளத்தில்) போடுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டைக்குத் தெற்கே 5 சென்ட் மனையில் 1,150 சதுர அடிக்கு வீடு கட்டப்போகிறேன். சாம்பல் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற கல்) வைத்துக் கட்டி, பசுமைக் கட்டடச் சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்லி காண்டிராக்டர் தனியாக ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: நீங்களே குடியிருக்கப் போகிற வீடுதானே? சான்றிதழ் வேண்டாம் அண்ணாச்சி. பசுமைச் சான்றிதழ் தருகிற கிரிஹா, ஐ.ஜி.பி.சி. இரண்டிலும் சின்ன வீட்டுக்கும் தர மதிப்பீடு உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் சித்திரை மாத ராத்திரியில் அந்தக் காகிதத்தை விசிறிக்கொள்ளத்தான் முடியும்.

சாம்பல் கல் நல்ல யோசனை. தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. சூளை எரிக்க வேண்டாம், குளத்து மண்ணையும் வெட்ட வேண்டாம். வீடு குளுகுளு என்றிருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சூட்டைக் கடத்துவதில் செங்கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அவசரத்துக்கு, சரியாக இறுகாத கல்லைப் பச்சையாகவே லோடு ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் லோடு இறங்கியதும் ஐந்தாறு கல்லை எடுத்து, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி நிறுங்கள். சாம்பல் கல்லுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 12894-இன்படி, வீடுகளுக்கு வாங்குகிற வகைக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் ஏறினால் லோடைத் திருப்பிவிடலாம். தாங்குதிறனை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

இனி தட்டட்டி. உங்கள் வீட்டின் சூட்டுக்கு அதுதான் முதல் காரணம். 2018-இல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதி, கூரை வழியாகச் சூடு இறங்குவதற்கு 1.2 என்று (உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு) ஓர் உச்சவரம்பு வைத்தது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் மூன்று மடங்கு சூட்டை இறக்கும். அந்த விதி 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைகளுக்காக எழுதியது; உங்களைக் கட்டாயப்படுத்தாது. அந்த 1.2 என்ற கணக்கை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். தளத்துக்கு மேல் வெப்பத்தடுப்புப் பலகை, அதன்மேல் வெள்ளை ஓடு போடச் சொல்லுங்கள். கையில் காசு இறுக்கமாக இருந்தால், வருஷா வருஷம் பங்குனியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காதே என்பார்கள். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வருகிற மேகாற்றை (மேற்குக் காற்றை) யாராவது வேண்டாமென்பார்களா? ஜன்னலை வையுங்கள், அகலமான சன்ஷேடோடு.

அதே காற்றுதான் கான்கிரீட்டுக்கு எதிரி. அந்த மாதங்களில் தளம் போட்டால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து, மறுநாளே மயிரிழை வெடிப்பு விழும். மட்டப்பலகை இழுத்து முடித்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடி, இறுகியபிறகு ஈரச்சாக்கு போடுங்கள். பி.பி.சி. (போர்ட்லண்ட் போஸலானா) சிமெண்டில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் இருக்கிறது. அதற்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும், நம் வெயிலுக்கு 14. ஏழு நாள் போதும் என்று கொத்தனார் சொன்னால் ஹோஸை நீங்களே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.