மெழுகைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராக்கெட் போட்டிக்காக நண்பர்கள் சேர்ந்து ஹைபிரிட் எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். எரிபொருள் பாரஃபின் மெழுகு. அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனைத் தருவது நைட்ரஸ் ஆக்சைடு. இரண்டும் தனித்தனியே இருப்பதால் வெடிக்காது என்று படித்தோம். எங்கள் பேராசிரியரோ, பற்றவைக்கும் முன் மூன்று மாதம் தண்ணீரையும் வாயுவையும் ஓடவிட்டுச் சோதிக்கச் சொல்கிறார். இது வீண் பயம் அல்லவா?

— ஒரு பொறியியல் மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் பேராசிரியரின் கட்சி. சொல்லப்போனால், அவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே பயப்படச் சொல்வேன்.

மெழுகு உருளை சாது. அறுக்கலாம், கடையலாம், கைதவறிக் கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் படித்தது அந்தப் பாதிக்குத்தான் பொருந்தும். நைட்ரஸ் ஆக்சைடு சிதையும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். அதற்கு எரிபொருள் துணை தேவையில்லை. குழாயில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அந்த ஆபத்தை இன்னும் பெருக்கும். 2007 ஜூலை 26 அன்று கலிபோர்னியாவின் மொஹாவியில் ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் நடத்திய சோதனையில் வெடிப்பு நிகழ்ந்து மூவர் இறந்தார்கள். அன்று எஞ்சினை யாரும் பற்றவைக்கவில்லை. நைட்ரஸ் ஆக்சைடை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே தண்ணீர்ச் சோதனைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வாயு ஓடும் நாளில் எஞ்சின் எரியும் நாளைப் போலவே எல்லோரும் விலகி, தடுப்புக்குப் பின்னால் இருங்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இன்னொன்று, வெப்பநிலை. தொட்டியில் திரவமாக இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு தன் ஆவியின் அழுத்தத்தாலேயே எஞ்சினுக்குள் பாயும் என்பதால்தான் மாணவர்கள் இதை விரும்புகிறார்கள்; பம்ப் வேண்டாம். ஆனால் அந்த அழுத்தம் 0 டிகிரியில் சுமார் 31 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 20 டிகிரியில் சுமார் 50 பார். 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா கோப்பை என்ற மாணவர் ராக்கெட் போட்டி நடந்துவந்த நியூ மெக்சிகோ பாலைவனத்தில், ஜூன் மாத வெயில் அந்த எல்லையைச் சாதாரணமாகக் கடக்கும். ஏவுதளத்தில் தொட்டி காய்ந்துகொண்டிருக்க, காகிதத்தில் போட்ட உந்துவிசைக் கணக்கு பொய்த்துப்போகும்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழுவான ஹையெண்ட் உங்களைப் போலவே பாரஃபினையும் நைட்ரஸ் ஆக்சைடையும்தான் எடுத்துக்கொண்டது. ஸ்வீடனின் கிருனா அருகே 2015 இல் ஏவிய ஹீரோஸ் 1 தோற்றது. அவர்கள் மீண்டும் சோதனை மேடைக்குத் திரும்பினார்கள். 2016 நவம்பர் 8 அன்று ஹீரோஸ் 3 அதே இடத்திலிருந்து 32.3 கிலோமீட்டர் உயரம் தொட்டது. 2023 இல் அவர்களுடைய அடுத்த ராக்கெட் 64.4 கிலோமீட்டர் சென்றது. எனக்கு அந்த உயரங்களைவிட 2015க்கும் 2016க்கும் இடைப்பட்ட மாதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

தண்ணீரை ஓடவிடும்போது வாளியில் பிடித்து, நொடிக்கு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பாருங்கள். உங்கள் கணக்குக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்