மண்ணுக்குள்ள போன விமானங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல விழுந்து மண்ணுக்குள்ள போன விமானங்களை இப்பவும் தோண்டி எடுக்கிறாங்களாமே, எடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, இத்தனை வருஷம் கழிச்சு என்னதான் மிஞ்சியிருக்கும்?
– வாசகி, திருச்சி

பதில்: மண்வெட்டி எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, பழைய காகிதங்களைப் புரட்டுறதுல வேலை ஆரம்பிச்சிடும். விமானப்படையோட தினசரிப் பதிவேட்டைப் பாப்பாங்க, அப்புறம் அந்த ஊர்ப் பெரியவங்களைத் தேடிப் போயி "விமானம் எங்க விழுந்துச்சு"ன்னு கேப்பாங்க, அதுக்கப்புறம்தான் மெட்டல் டிடெக்டர். வேகமா வந்து குத்தினா ரெக்கை, வாலெல்லாம் சிதறிடும், எஞ்சின் மட்டும் கனத்தோட கீழ எறங்கிடும், அதான் அவ்ளோ ஆழத்துல கெடக்கும்.

அயர்லாந்துல டோனிகால்னு ஒரு மாவட்டம், அங்க 2011 ஜூன்ல ஸ்பிட்ஃபயர்ங்கற பிரிட்டிஷ் போர் விமானம் ஒண்ணைத் தோண்டினாங்க, அதோட நம்பர் பி8074. அதை ஓட்டினவர் ரோலண்ட் உல்ஃப்னு ஒரு அமெரிக்கர், அமெரிக்கா போர்ல எறங்குறதுக்கு முன்னாடியே பிரிட்டிஷ் விமானப்படையில சேந்தவர். 1941 நவம்பர் 30, எஞ்சின் சூடாகி நின்னுபோக, பாராசூட்ல குதிச்சிட்டாரு, விமானம் போயி சதுப்புல குத்திடுச்சு. அயர்லாந்து நடுநிலை நாடுங்கறதால அவரைப் பிடிச்சு முகாம்ல வெச்சாங்க, அவரு தப்பிச்சு பிரிட்டனோட சேந்த வட அயர்லாந்துக்குப் போயிட்டாரு, அந்த நடுநிலைமை கெட்டுடக்கூடாதுன்னு பிரிட்டிஷ்காரங்களே திருப்பி அனுப்பிட்டாங்க, பாவம்!

அந்த மண்ணுக்கு பீட்னு பேரு, கறுப்பா, ஈரமா, மக்கிப்போன செடிங்களால ஆனது, உள்ள ஆக்சிஜன் போகாது, அதனால பொருளெல்லாம் அப்படியே இருக்கும். எஞ்சின் வந்துச்சு, பிரவுனிங் மெஷின்கன் ஆறு வந்துச்சு, அதுல ஒண்ணை அயர்லாந்து ராணுவம் சுத்தம் பண்ணி சுட்டுப் பாத்தப்ப எழுபது வருஷம் கழிச்சும் வேலை செஞ்சுது. எனக்கு மனசுல நிக்கறது அதெல்லாம் இல்ல, சேத்துக்குள்ளேருந்து வந்த உல்ஃபோட தோல் ஹெல்மெட்டுதான். மனுஷன் 1994லயே போயிட்டாரு, இருந்திருந்தா கையில குடுத்திருக்கலாம்.

இன்னொண்ணு, இந்த விமானம் கார்ஃபீல்ட் வெஸ்டன்ங்கற கனடா வியாபாரி குடுத்த நன்கொடையில செஞ்சது. நம்ம சென்னை மாகாணத்துலேருந்தும் இப்படிப் பணம் போயிருக்கு, பிரிட்டிஷ் விமானப்படையோட 264வது ஸ்குவாட்ரனுக்கு (படைப்பிரிவுக்கு) 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னே பேரு வெச்சாங்க.

கேள்வி: நெலத்துக்காரர் சம்மதிச்சா யார் வேணா தோண்டலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பிரிட்டன்ல முடியாது. 1986ல வந்த சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த எடம் எல்லாத்துக்கும் பாதுகாப்பு உண்டு, பாதுகாப்பு அமைச்சகத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். விமானியோட உடம்பு உள்ள இருக்கலாம், இல்ல வெடிக்காத குண்டு இருக்கலாம்னு தெரிஞ்சா பொதுவா தர மாட்டாங்க. அதுதான் நியாயம்னு நான் உறுதியா நெனைக்கிறேன், பெத்தவங்க பாக்காத சமாதிய, யாரோ ஒருத்தர் ஷோகேஸுக்கு ஒரு துண்டு கெடைக்கும்னு கிளறக்கூடாதுங்க.

கேள்வி: பர்மாவுல பெட்டியோட புதைச்ச ஸ்பிட்ஃபயருங்க இருக்குன்னாங்களே, என்னாச்சு?
– வாசகர், சிவகங்கை

பதில்: ஒண்ணும் கெடைக்கல. டேவிட் கண்டல்ங்கற ஆங்கிலேய விவசாயி பல வருஷமா நம்பித் தேடினாரு, 2013 ஜனவரியில ரங்கூன் பக்கத்துல மிங்கலடான் விமான நிலையத்துல தோண்டவும் செஞ்சாங்க, விமானம் எதுவும் வரல. பணம் போட்ட கம்பெனியே அப்புறம் கப்பல் பதிவுகளைப் பாத்து சொல்லிடுச்சு, 1945லயும் 46லயும் ரங்கூன் துறைமுகத்துல சரக்கு எறக்கின பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு வாங்கினது மொத்தம் 37 விமானம், அதுல ஸ்பிட்ஃபயர் ஒண்ணுகூட இல்ல, பெரும்பாலானது திரும்பக் கப்பல் ஏறிடுச்சுன்னு. அந்தக் காகிதத்தை முன்னாடியே பாத்திருந்தா கண்டல் இவ்ளோ வருஷத்தை இழந்திருக்க வேண்டாம், அவரு மேல எனக்குக் கோவமில்ல, வருத்தம்தான்.