ஞாயிறு கிரிக்கெட்டும் சாயங்கால வாலிபாலும்

கேள்வி: எனக்கு 29 வயது. கல்லூரியில் படித்தபோது பல்கலைக்கழக வாலிபால் அணியில் ஆடியவள். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 10 மாதப் பெண் குழந்தை இருக்கிறாள், சிசேரியன் பிரசவம். எங்கள் ஊர்ப் பள்ளித் திடலில் சாயங்காலம் பெண்கள் சிலர் ஆடுவதாகக் கேள்விப்பட்டு ஒரு நாள் போனேன். இரண்டு முறை எம்பிக் குதித்ததுமே சிறுநீர் கசிந்துவிட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாமியார், “பச்சை உடம்புக்காரிக்கு எதுக்கு இந்த ஆட்டம்? வெயில்ல ஆடிட்டு வந்து பால் கொடுத்தா பிள்ளைக்குச் சூடு பிடிக்கும்” என்கிறார். கணவர் நல்லவர், ஞாயிறு காலையில் கிரிக்கெட் ஆடப் போவார். என் விஷயத்தில் மட்டும் “அம்மா சொல்றதக் கேளேன்” என்று ஒதுங்கிக்கொள்கிறார். குழந்தையை விட்டுவிட்டு விளையாட ஆசைப்படுவது சுயநலமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, சுயநலமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதைவிட அவசரமான விஷயம், கடிதத்தில் நீங்கள் வெட்கத்தோடு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தக் கசிவு.

பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு இது இருக்கிறது. தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் கசியும். ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டே வயதாகிவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழேயிருந்து தாங்கிப் பிடிக்கும் தசைகள் கர்ப்பத்தின் எடையில் தளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். சிசேரியன் ஆனவர்களுக்கு இது வராது என்று நினைக்காதீர்கள். ஒன்பது மாதம் சுமந்த பாரம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளே இறுக்கி, சில விநாடி பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பிட்டத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதம். பால் கொடுக்கும்போதுகூடச் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். நிறையப் பேர் இதைத் தப்பாகத்தான் செய்கிறார்கள். அதனால் முதல் முறை ஓர் இயன்முறை சிகிச்சையாளரிடம் (பிசியோதெரபிஸ்ட்) நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. வயிற்றின் நடுத் தசைகள் விலகியே இருக்கின்றனவா, தையல் தழும்பு இழுக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். அடி இறங்குவதுபோலக் கனமாக இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

கசிவு நிற்கும்வரை ஓட்டமும் எம்பி அடிப்பதும் வேண்டாம். நடக்கலாம். அரை மணி நேரம் வேகமாக நடந்து வலியோ கசிவோ இல்லை, ஒவ்வொரு காலிலும் பத்துப் பத்து முறை நொண்டியடித்தும் ஒன்றும் இல்லை என்றால், மெதுவோட்டத்தைத் தொடங்கலாம். பிரசவமான 12 வாரத்துக்குள் ஓட வேண்டாம் என்பது இயன்முறை சிகிச்சையாளர்கள் சொல்லும் கணக்கு. நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஆனால் நாள் கணக்கைவிட உடம்பு சொல்வதுதான் முக்கியம். திடலுக்கே போகாமல் இருக்கவும் வேண்டாம். குதிக்காமல் சர்வீஸ் போடுங்கள், பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுங்கள். அங்கே பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால் கசிவைப் பற்றிப் பேசியும் பாருங்கள். ‘எனக்கும்தான்’ என்று ஒருத்தியாவது சொல்வாள்.

பால் விஷயத்தில் மாமியாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வெயிலில் போய் வந்தாலும், வியர்க்க ஆடினாலும் பால் சூடாகாது. மிதமான உடற்பயிற்சியால் பாலின் அளவும் குறையாது, சத்தும் குறையாது. பால் கட்டிய மார்போடு ஓடினால் உங்களுக்குத்தான் வலிக்கும். அதனால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போடுங்கள். திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் போதும்.

ஆனால் ஒன்று, பத்தியம் என்று இன்னமும் ரசம் சாதத்தோடு நிற்கிறீர்களா? பால் கொடுப்பவளுக்கே சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும், ஆட்டம் அதற்கு மேல். நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் திடலில் இறங்காதீர்கள்.

இந்த இடத்தில் உற்சாகப்படுத்துவதற்காக குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் பெயரைச் சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, 2008இல் மறுபடி உலகச் சாம்பியன். சென்னையின் தீபிகா பள்ளிக்கல் 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் ஸ்குவாஷ் உலக இரட்டையர் போட்டியில் இரண்டு பட்டங்களை வென்றார். ‘அவங்களால முடியுது, உன்னால முடியாதா?’ என்று உங்களிடம் யாராவது கேட்டால் திருப்பிக் கேளுங்கள்: அவர்கள் பயிற்சி செய்தபோது குழந்தையை யார் வைத்திருந்தார்கள்? மேரி கோம் வீட்டில் அப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் கணவர். இந்தக் கதைகளில் பாதி எப்போதும் விட்டுப்போகிறது. மாமியார் பேச்சு ஏதோ நம் ஊருக்கு மட்டும் உரியது என்றும் நினைக்காதீர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய நெதர்லாந்தின் ஓட்டப்பந்தய வீராங்கனை ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன், 30 வயது, இரண்டு பிள்ளைகளின் அம்மா. வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார் என்று அவருக்கும் கடிதங்கள் போயிருக்கின்றன.

சரி, சுயநலம். ‘அப்பாவாக இருந்துகொண்டு ஞாயிறு கிரிக்கெட் ஆடலாமா?’ என்று உங்கள் கணவரிடமிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. அவருடைய ஆட்டம் வீட்டுக் காலண்டரில் ஏற்கெனவே இருக்கிறது, உங்களுடையது இல்லை. அனுமதி கேட்காதீர்கள், கேட்டால் மறுக்கவும் ஆள் இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாப்பா அவர் பொறுப்பு என்று கிழமையோடு சொல்லுங்கள். அவர் வேலை முடிந்து வர நேரமாகும் என்றால் காலை ஆறு மணியாக மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் பாப்பா அழுவாள், அவர் உங்களுக்கு போன் போடுவார். எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எடுத்து, கஞ்சி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் காலத்தில் ‘பச்சை உடம்பு’ என்ற பேச்சுதான் பிள்ளை பெற்றவளுக்குக் கொஞ்சம் ஓய்வு வாங்கிக் கொடுத்தது. மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

மழைக்காலத்தில் திடல் சேறாகும். அந்த இரண்டு சாயங்காலங்களையும் அடுப்படிக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மொட்டைமாடியில் குடையோடு நடந்தாலும் சரி, கூடத்தில் சுவரில் பந்து தட்டினாலும் சரி, பாப்பா அவரிடமே இருக்கட்டும்.